பூங்கா அமைக்கும் முன்

பூங்கான்னா என்ன? நாலு பெஞ்சு, ஓர் ஊஞ்சல், கொஞ்சம் புல்தரை. அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது, இளைஞர்களே.

கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, பையூட் பழங்குடியினரின் பூர்வீக நிலம். தங்கள் மொழியில் அதை 'நீர் ஓடும் நிலம்' என்பார்கள். வெள்ளையர் வருவதற்கு முன்பே வாய்க்கால் வெட்டிக் கிழங்கு விளைவித்தவர்கள் அவர்கள். 1863-இல் இராணுவம் ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தேஜோன் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோனது. 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் அமைத்துத் தண்ணீரையும் கொண்டுபோனது. பிறகு ஓவன்ஸ் ஏரியே வற்றியது.

அங்கே ஒரு பூங்கா என்றால், அது சிதறிப்போனவர்கள் மறுபடியும் கூடும் இடம். அதனால் வரைபடம் போடுமுன் மூன்று கேள்விகள் கேட்கணும்:

1. எங்கே கூடுவது, எதைத் தொடக்கூடாது என்று அந்த மக்களின் பெரியவங்ககிட்ட கேட்டோமா?

2. தண்ணீர் எங்கிருந்து வரும்? வறண்ட மண்ணில் புல்தரை நிறையக் குடிக்கும். கூடை பின்ன உதவும் வில்லோ செடியை ஓடைக்கரையில் நட்டால், நிழலோடு ஒரு கைத்தொழிலும் வளரும்.

3. பெயர்ப்பலகை யார் மொழியில் இருக்கும்?

சேவை செய்யப் போகிற நாமும் யோசிக்கணும். கொடுக்க ஓடுகிறோம், முதலில் கேட்கிறோமா?