கோழிக் கழிச்சல் வைரஸ் பெருகுவது எப்படி?

கோடை தொடங்கும் சமயத்தில் கிராமங்களில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிவது உண்டு. முதலில் இரை எடுக்காமல், இறக்கையைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்கும். பிறகு வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். இதுவே வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். தடுப்பூசி போடாத கோழிகளிடையே கடும் வகை வைரஸ் புகுந்தால் சில நாட்களில் கூடே காலியாகிவிடும்.

1926ஆம் ஆண்டு ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் காணப்பட்டதால் இந்தியாவில் அப்பெயர் நிலைத்தது.

முத்திரைக் கட்டை போன்றது

களத்தில் நெற்குவியலுக்கு முத்திரையிடும் கட்டையில் எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். பதித்த பிறகே படிக்க முடியும். இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இழையும் அத்தகையதே. ஆகவே இதை 'எதிர் இழை' வைரஸ் என்பர். கோழியின் உயிரணு இவ்விழையை நேரடியாகப் படித்துப் புரதம் செய்ய இயலாது. எனவே, படியெடுக்கும் நொதியை வைரஸ் தன்னுடனேயே கொண்டு வருகிறது. அந்நொதி இல்லாத வெறும் இழை உயிரணுவுக்குள் போனாலும் நோய் உண்டாகாது.

தலைமடையும் கடைமடையும்

இழையில் ஆறு ஜீன்கள் வரிசையாக உள்ளன. நொதி ஒரு முனையில் மட்டுமே ஏறும். ஒவ்வொரு ஜீனின் முடிவிலும் நின்று, அடுத்ததை மீண்டும் தொடங்கும். ஒவ்வோர் எல்லையிலும் சில நொதிகள் கழன்றுவிடும். வாய்க்காலில் தலைமடைக்கு நீர் மிகுதியாகவும் கடைமடைக்குக் குறைவாகவும் பாய்வதுபோல, முதல் ஜீனுக்குப் படிகள் மிகுதி. கடைசி ஜீனுக்குக் குறைவு. முதல் ஜீன் தருவது இழையைப் போர்த்தும் உறைப் புரதம். அது ஏராளமாக வேண்டும். கடைசி ஜீன் தருவது நொதி. அது சிறிதளவே போதும். ஜீன்களின் வரிசையே அளவைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது ஜீனில் மற்றொரு தந்திரமும் உண்டு. ஓரிடத்தில் நொதி சில வேளை ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். அதனால் உருவாகும் வேறொரு புரதம், உயிரணுவின் எதிர்ப்புச் சக்தியை மழுங்கச் செய்கிறது.

ஆறு ஆறாக அளந்து

உறைப் புரதம் போதிய அளவு சேர்ந்ததும் வேலை மாறுகிறது. புதிய இழை உருவாக உருவாக அப்புரதம் அதைப் போர்த்துகிறது. நொதியும் எல்லைகளில் நில்லாமல் கடைசி வரை ஓடி முழு நகல் எடுக்கிறது. அந்த நகலைப் பார்த்து மீண்டும் எதிர் இழைகள் உண்டாகின்றன. ஓர் உறைப் புரதம் சரியாக ஆறு எழுத்துகளை மூடும். ஆகவே இழையின் நீளம் ஆறால் வகுபட வேண்டும். 15,186 எழுத்துகள் கொண்ட வகையில் 2,531 ஆறுகள் அடங்கும். போர்த்திய இழையை உயிரணுவின் சவ்வின் கீழ் மற்றொரு புரதம் திரட்ட, வைரஸ் மொட்டுப்போல் புடைத்து வெளியேறுகிறது.

கடுமைக்குக் காரணம்

உயிரணுவுடன் ஒட்டி இணைய உதவும் புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால்தான் வேலை செய்யும். மித வகையில் அவ்வெட்டு பெரும்பாலும் மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றில்தான் நடக்கும். கடும் வகையில் அவ்விடத்தின் அமைப்பு வேறானதால் உடலெங்கும் நடக்கும். லசோட்டா, எஃப் தடுப்பு மருந்துகள் மித வகை வைரஸ்களே. அவை நோயின்றி எதிர்ப்புச் சக்தி தருகின்றன.

கோழி வளர்ப்போர் கவனிக்க

வைரஸ் புகுந்துவிட்டால் குணப்படுத்தும் மருந்து இல்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இதைத் தொடா. ஆகவே வருமுன் காப்பதே வழி.

1. குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்து இடவேண்டும். எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி போடுவது வழக்கம். கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

2. இம்மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். வெயில் பட்டால் பயனற்றுப் போகும். பனிக்கட்டியில் வைத்தே கொண்டு வரவேண்டும். கலக்கியதை உடனே பயன்படுத்த வேண்டும். குடிநீரில் கொடுத்தால் குளோரின் கலந்த நீர் ஆகாது.

3. சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைக்கவேண்டும். நோயுற்ற கோழியை விற்கக் கூடாது. செத்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவேண்டும்.

கோடைக்கு முன்பே ஊசி போட்டுவிட்டால் கூட்டைக் காப்பாற்றலாம்.