கர்ப்பிணிகளும் பாலாடைக்கட்டியும்

கர்ப்பிணிகள் பாலாடைக்கட்டி உண்ணலாமா என்ற வினா, முன்னர் பெரும்பாலும் மேல்நாட்டு மருத்துவ ஏடுகளில்தான் காணப்பட்டது. இன்று நம் நகரங்களிலும் அது எழுகிறது. எம் அலுவலகத்து இளம் பெண் அலுவலர் ஒருவர், வெளிநாட்டுச் சிறுவெளியீடு ஒன்றில் மென்மையான பாலாடைக்கட்டியைத் தவிர்க்குமாறு படித்துவிட்டு, கருவுற்றிருந்த மாதங்கள் முழுவதும் பனீரைத் தொடவே இல்லை. புலால் உண்ணாத அவருக்கு அது சிறிய இழப்பன்று. 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம் புரதம் உண்டு. கருவுற்ற இறுதி மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் கூடுதலாக 22 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையாகும். ஆகவே, அச்சத்திற்கு அடிப்படை எங்கே உண்டு, எங்கே இல்லை என்று பிரித்தறிவது அவசியமாகிறது.

அச்சத்தின் காரணம்

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் நுண்ணுயிரே இந்த எச்சரிக்கைக்குக் காரணம். 1926-இல் கேம்பிரிட்ஜில், ஆய்வுக்கூட முயல்களைத் தாக்கிய நோயை ஆராய்ந்தபோது இது விவரிக்கப்பட்டது. மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் இது வாழ்கிறது. பெரும்பாலான நோய்க்கிருமிகளின் பெருக்கத்தைக் குளிர் தடுத்து நிறுத்தும்; இக்கிருமியோ குளிர்பதனப் பெட்டியினுள்ளும் மெல்லப் பெருகும். பண்டத்தின் மணமோ சுவையோ மாறுவதில்லை. கர்ப்பிணிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். தாய்க்கு இலேசான காய்ச்சலும் உடல்வலியும் மட்டுமே தோன்றலாம். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைத் தாக்கினால், கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறத்தலோ, பிறந்த குழந்தைக்கு மூளை உறை அழற்சியோ நேரிடும். உரிய காலத்தில் கண்டறிந்தால் ஆம்பிசிலின் போன்ற மருந்துகளால் குணப்படுத்த இயலும்.

1985-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நிகழ்ந்தது இத்துறையில் பாடமாக விளங்குகிறது. மெக்சிகோ பாணியில் செய்யப்பட்ட மென்பாலாடைக்கட்டியால் 142 பேர் நோயுற்றனர். அவற்றுள் 93 நேர்வுகள் கர்ப்பிணிகளையோ அவர்தம் குழந்தைகளையோ சார்ந்தவை. மாண்டவர்கள் 48 பேர். கருவிலும் பிறந்தவுடனும் அழிந்த உயிர்களே அவற்றுள் 30. சூடாக்கிய பாலுடன் சூடாக்காத பாலும் கலந்திருந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பாலை 63 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடங்கள், அல்லது 72 டிகிரியில் 15 விநாடிகள் வைத்திருந்தால் இக்கிருமி மடிந்துவிடும். அந்தச் சிறு செலவு முறையாகச் செய்யப்படாததற்கு விலை கொடுத்தவர்கள் உற்பத்தியாளர்கள் அல்லர்.

பனீர் எவ்வகையைச் சேர்ந்தது?

ஈரம் மிகுந்த மென்வகைகளில் கிருமி எளிதில் வளரும். நாட்பட முதிர்ந்த, ஈரம் குறைந்த கடினவகைகளில் அதற்கு இடம் குறைவு. தகரப் பெட்டிகளில் நம் கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டி, உருக்கிச் சூடாக்கிச் செய்யப்படுவதால் பெரிதும் கவலைக்குரியதன்று.

பனீர் ஈரம் மிகுந்ததே. ஆயினும் பாலை 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கிய பின்னரே புளிப்பிட்டுத் திரிப்பது முறை. பாலிலிருந்த கிருமி அவ்வெப்பத்தில் பிழைப்பதில்லை. இடர் அதற்குப் பின்னரே தொடங்குகிறது: பிழியும் துணி, அழுத்தும் பலகை, வெட்டும் கத்தி, கடைகளில் பனீரை மிதக்கவிடும் தொட்டி நீர். எம் வீட்டருகே உள்ள கடையில் அந்நீர் ஒரு நாளில் எத்தனை முறை மாற்றப்படுகிறது என்று கேட்டேன். கடைக்காரர் என்னை வியப்புடன் பார்த்தார்! எனினும் நம் சமையல் முறை துணை நிற்கிறது. குழம்பில் ஆவி பறக்கக் கொதித்த பனீரைக் கர்ப்பிணிகள் அஞ்சாமல் உண்ணலாம். வெட்டியபடியே பச்சையாக உண்பதைத் தவிர்ப்பதே நல்லது. ஜம்முவின் கலாரி என்னும் பாலாடைக்கட்டியும் சட்டியில் வறுத்தே உண்ணப்படுகிறது.

காய்ச்சாத பால் வேறு செய்தி. அதில் புரூசெல்லா கிருமியும் இருக்கக்கூடும். கால்நடைகளில் கருச்சிதைவை உண்டாக்கும் அக்கிருமி மனிதருக்கும் பரவும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பெண் கன்றுகளுக்கு இந்நோய்க்கெதிரான தடுப்பூசி சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

சட்டமும் நடைமுறையும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பாலாடைக்கட்டியின் 25 கிராம் மாதிரியில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் அறவே இருத்தலாகாது. விதி கடுமையானதே. ஆனால் முத்திரையிட்ட பொட்டலத்திற்கு அதைச் செயற்படுத்துவதும் தொட்டியில் மிதக்கும் பனீருக்குச் செயற்படுத்துவதும் ஒன்றல்ல. உண்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே 70 நாட்கள் வரை கழியக்கூடும். அதற்குள் பண்டமும் இராது, வாங்கிய நாளும் நினைவில் இராது. கருச்சிதைவு நேர்ந்த இடங்களில் இக்கிருமியைத் தேடிப் பார்க்கும் வழக்கமும் நம்மிடையே பரவலாக இல்லை. ஆதலால் நோயாளிகள் பதிவாகவில்லை என்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

பால் முறையாகச் சூடாக்கப்பட்டதா என்பதை அறிய பாஸ்பட்டேஸ் சோதனை உள்ளது. பச்சைப் பாலில் இயல்பாக உள்ள அந்த நொதி உரிய வெப்பத்தில் அழிந்துவிடும். எஞ்சியிருந்தால் சூடு போதவில்லை, அல்லது பச்சைப் பால் கலந்துள்ளது என்று பொருள். செலவு குறைந்த இச்சோதனையைச் சிறு பால்பண்ணைகளும் நாள்தோறும் செய்யலாம். ஆனால் சூடாக்கிய பின் கைகளாலும் நீராலும் புகும் கிருமியை இது காட்டாது. அதற்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கே சென்று தொட்டி நீரையும் கத்தியையும் பார்த்தாக வேண்டும்.