கம்பளி மெத்தை தைக்கப் புறப்பட்ட தம்பிக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும், கூடவே பிளாஸ்டிக் பையில் நீ அனுப்பிய ஒரு பிடி ஆட்டு ரோமமும் வந்து சேர்ந்தன. பையைப் பிரித்ததும் வீடு முழுக்கக் கிடை வாசம். உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து, "எந்த ஆடு உள்ளே வந்துச்சு?" என்று குரல் கொடுத்தாள். சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் கடை பிடித்தாயிற்று, இனி இலவம் பஞ்சைத் தொடப்போவதில்லை, கம்பளி மெத்தை மட்டும்தான், பலகையில் 'ஆரோக்கியமான உறக்கம்' என்று போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பலகை எழுதுகிறவருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையென்றால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்.

கம்பளிக்கு நான் எதிரி இல்லை. 40 வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கி இருமிக்கொண்டிருக்கிறவனுக்கு இலவம் பஞ்சின் மேல் தனிப் பாசம் எதற்கு? முகத்தில் துணி கட்டாமல் பஞ்சு அடித்தது என் முட்டாள்தனம். நீ கட்டிக்கொள்.

கம்பளியின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி தூங்குகிற ஆளின் உடம்பிலிருந்து வியர்வையும் ஆவியுமாக ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியேறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கும் மேலே. ஸ்பஞ்சு மெத்தை அதை வாங்கிக்கொள்ளாது. முதுகுக்கும் துணிக்கும் நடுவிலேயே நிறுத்திவைக்கும். விடியற்காலையில் முதுகு பிசுபிசுத்து எழுந்து உட்காருகிறவர்களை நீயே உன் காலேஜ் ஹாஸ்டலில் பார்த்திருப்பாய். கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டால் நனைந்த மாதிரியே தெரியாது. இன்னொன்று நெருப்பு. இலவம் பஞ்சில் ஒரு பீடிப் பொறி விழுந்தால் போதும், வாளி தேடுவதற்குள் மெத்தை போய்விடும். கம்பளி சட்டென்று பற்றாது. பற்றினாலும் தீக்குச்சியை எடுத்ததும் அடங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, படுக்கையில் புகைபிடிக்கிற பெரியவர் இருக்கும் வீட்டுக்கு நான் கம்பளியைச் சொல்வேன்.

ஆனால் இழுத்த ஈரத்தை அது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். யாருக்கு? காற்றுக்கு. ஐப்பசி கார்த்திகையில் சிதம்பரத்துக் காற்று இருக்கும் இருப்பு உனக்குத் தெரியாதா? உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது, அப்பளம் நமுத்துப்போகிறது, கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளானாலும் காய்வதில்லை. அந்தக் காற்று உன் கம்பளியிடமிருந்து எதை வாங்கிக்கொள்ளும்? குளிர் நாட்டில் ஒரு சாண் கனத்துக்குக் கம்பளி அடைத்துப் படுக்கிறார்கள் என்றால், அங்கே அறைக்குள் கணப்பு எரிகிறது, காற்று வறண்டிருக்கிறது. இத்தாலியில் முன்பெல்லாம் மெத்தைக்காரர் வீடு வீடாக வந்து, கம்பளியைப் பிரித்து முற்றத்தில் கொட்டி, சிக்கெடுத்து, மறுபடி அடைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவாராம். கம்பளி அழுந்தி அழுந்தித் தட்டையாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் நான் சொல்வது இதுதான். முழுக் கனத்துக்கும் கம்பளி அடைக்காதே. அடியில் இலவம் பஞ்சோ தென்னை நாரோ இருக்கட்டும். மேலே இரண்டு விரல் கனத்தில் கம்பளியைத் தனி உறையில் பரப்பி, நெருக்கமாகத் தையல் ஓட்டி, தனியாக எடுக்கிற மாதிரி செய். ஒரு பெண்பிள்ளை ஒற்றை ஆளாகத் தூக்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விரிக்க முடிய வேண்டும். அப்படி முடியாத மெத்தை நம் ஊரில் இரண்டு மழைக்காலம் தாங்காது, எதை வைத்துத் தைத்தாலும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கரையேறியபோது நீ பள்ளிக்கூடப் பையன். அடுத்த வாரம் கடலூர்த் தெருவெங்கும் விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் நனைந்த மெத்தைகள் கிடந்தன. என் வாசலில் மட்டும் 30 மெத்தைக்கு மேல் கொண்டுவந்து போட்டார்கள். தையலைப் பிரித்துக் கொட்டி உலர்த்த முடிந்தவற்றில் பாதி பிழைத்தது. பசை போட்டு ஒட்டியவை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நான் தைக்கிற மெத்தையில் ஒரு பக்கத்தைக் கையால் பிரிக்கிற தையலாகவே விடுகிறேன். பார்க்க அழகில்லைதான். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லு.

இப்போது நீ அனுப்பிய ரோமத்துக்கு வருகிறேன். அறுவடை முடிந்த வயலில் கிடை போட வந்தவர்களிடம் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். தம்பி, அதில் பெரும்பகுதி கம்பளி இல்லை, முடி. மேச்சேரி ஆட்டுக்கும் மெட்ராஸ் சிவப்பு ஆட்டுக்கும் மேலே இருப்பது குட்டை முடிதான். கறிக்கும் தோலுக்கும் பேர்போன ஆடுகள் அவை. திருச்சி கறுப்பு ஆட்டில் கத்தரிக்க ரோமம் உண்டு, ஆனால் முரடு. இழை 30 மைக்ரானைத் தாண்டினாலே உடம்பில் குத்த ஆரம்பிக்கும். சிலர் 'எனக்குக் கம்பளி அலர்ஜி' என்பது பெரும்பாலும் இந்தக் குத்தல்தான். தமிழ்நாட்டில் மெத்தென்ற ரோமம் வேண்டுமானால் மலையேற வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டை வளர்க்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மெரினோ கலந்து உருவான இனம். கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ. இரண்டையும் ஒருமுறை போய்க் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வா. கடைக்கு வேண்டிய அளவுக்குச் சரக்கு என்றால் பிக்கானேர் சந்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். கழுவாத ரோமத்துக்கு எடை போட்டு விலை பேசிவிடாதே. எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் முள்ளும் போனபிறகு மூட்டை எவ்வளவு இளைக்கிறது என்று பார்த்தால் வயிறு எரியும்.

கலப்படம் பார்க்க ஒரு தீக்குச்சி போதும். நாலு இழையைப் பிடித்துக் கொளுத்து. தலைமுடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். இலவம் பஞ்சுக்குத் தண்ணீர்ச் சோதனை: உள்ளே குழல், மேலே மெழுகு, அதனால் மிதக்கும், கப்பல்காரர்கள் உயிர்காப்பு உடுப்பில் அதைத்தான் அடைத்தார்கள். மில் கழிவைக் கலந்திருந்தால் அது நனைந்து கீழே போகும். போடியிலிருந்து வருகிற மூட்டை என்று சொன்னாலும் ஒரு கைப்பிடி எடுத்து வாளியில் போட்டுப் பார்த்துவிடு.

பலகைக்கும் நோட்டீசுக்கும் வருவோம். கம்பளியில் தூசிப் பூச்சியே வாழாது, ஆஸ்துமா போய்விடும் என்று நோட்டீஸ் அடிக்கப்போகிறாயாமே? அடிக்காதே. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி, நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோலைத் தின்று வாழ்வது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அது வாடும். நம் கடற்கரையில் அந்த நாள் எத்தனை வரும், நீயே சொல். மேல்விரிப்பை வாரம் ஒருமுறை கொதிக்கிற சூட்டில் அலசுவதும், மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவதும்தான் வழி. மூச்சிரைப்பு உள்ளவர் கடைக்கு வந்தால், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்றிருந்த அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது, முதலில் அங்கே போய்வரச் சொல்லு. கைக்குழந்தைக்கு என்று மெத்துமெத்தென்று கேட்டால் தைத்துக் கொடுக்காதே. ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளை குப்புற விழுந்து முகம் புதைந்தால் மூச்சு முட்டும்; அதற்குக் கெட்டியான, சமமான படுக்கைதான் வேண்டும். இந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பியதற்காக என்னை வைதவர்களும் உண்டு.

கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சி வேறு. அதற்கென்று அந்துருண்டையை மெத்தைக்குள் போட்டுத் தைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வாங்கியவருக்கு எழுந்ததும் தலைவலி. எட்டு மணி நேரம் மூக்கை வைத்துப் படுக்கிற இடம் அது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து ஓரத்தில் வை, வெயிலில் போட்டுப் பிரஷால் தேய்.

கம்பளி நமக்குப் புதிது என்று மட்டும் நினைக்காதே. ஆண்டாள் திருப்பாவையில் பஞ்ச சயனம் வருகிறது. அது என்ன ஐந்து என்று கேட்டால், இலவம் பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, அன்னத்தூவியோடு மயிரையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. பொருளை விட்டு, குளிர்ச்சி, மென்மை என்று ஐந்து குணங்களைச் சொல்பவர்களும் உண்டு. மெத்தைக்காரனுக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கும். உன் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரே கோயிலுக்குள் நடராஜர் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார், கோவிந்தராஜர் பாம்பின் மேல் படுத்திருக்கிறார். கடை திறக்கிற அன்று எல்லாரும் ஆடுகிறவரைக் கும்பிடப் போவார்கள். நம் தொழிலுக்குப் படுத்திருப்பவரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா.

மெத்தையே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆளும் வருவார். சித்திரை வைகாசியில் வந்தவாசிக் கோரைப்பாயை மாடியில் விரித்துப் படுக்கிறவருக்கு அதைவிட நீ என்ன கொடுத்துவிட முடியும்? ஒரு தலையணை மட்டும் விற்று அனுப்பு.

நீ அனுப்பிய பிடி ரோமத்தை உன் பெரியம்மா வெந்நீரில் அலசி வைத்திருக்கிறாள். சூடு அதிகமாகி, கசக்கியும் விட்டாள் போல. பந்தாக இறுகிக் கிடக்கிறது. தூக்கிப் போடவில்லை, உனக்குக் காட்ட வைத்திருக்கிறேன். ஆருத்ரா தரிசனக் கூட்டம் கலைந்து, தை பிறந்து வெயில் ஏறியதும் இரண்டு கிலோ நல்ல ரோமம் எடுத்துக்கொண்டு வா. மாடி காலியாகத்தான் இருக்கிறது. என்னுடைய நீள ஊசியைத் துரு தேய்த்து எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா