'இருக்கேன்' வந்தா எஸ்தார்: தமிழ் வழியா ஸ்பானிஷ்



போன எபிசோடில் மொழி கற்கும் ஆப்களைப் பற்றிப் பேசும்போது, நான் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று சும்மா ஒரு வரி சொன்னேன். எதுக்கு, எப்படி என்று கேட்டு வந்த மெயில்களுக்கு மொத்தமாக இந்தப் பதில். நானே இன்னும் அரிச்சுவடியில்தான் இருக்கிறேன், அதனால் முதல் பாடம் மட்டும்.

எதுக்கு என்பது சின்ன விஷயம். லண்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு அலுவலகத்தில் எனக்கு ஆறு மாத கான்ட்ராக்ட். ரிலீஸ் எல்லாம் ராத்திரியில்தான். பத்து மணிக்கு மேல் அந்த மாடியில் ரெண்டே பேர்: நானும், சுத்தம் செய்ய வரும் கொலம்பியாக்கார அம்மாவும். அவர் தினமும் "புவெனாஸ்" என்பார். நான் "ஹாய்" என்று சொல்லிவிட்டு ஸ்கிரீனுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஊரில் ஒருத்தர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு, நாம் பதில் சொல்லாமல் போனால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் ரெண்டே ஸ்டேஷன் தள்ளி எலிஃபன்ட் அண்ட் காசில். நமக்கு ஈஸ்ட் ஹாம் மாதிரி லத்தீன் அமெரிக்கர்களுக்கு அது. 1965ல் திறந்து 2020 செப்டம்பரில் மூடிய அங்கிருந்த ஷாப்பிங் சென்டரில் அவர்கள் கடைகள் நிறைய இருந்தன. இத்தனை வருஷம் அந்த வழியா போய் வந்தும் எனக்கு 'ஓலா'வைத் தாண்டி ஒண்ணும் தெரியாது.

வணக்கங்கள் சுலபம். காலையில் 'புவெனோஸ் தியாஸ்', மதியத்துக்கு மேல் 'புவெனாஸ் தார்தெஸ்', ராத்திரி 'புவெனாஸ் நோச்செஸ்'. எதுன்னு குழம்பினால் வெறும் 'புவெனாஸ்', எந்த நேரத்துக்கும் ஓடும். ஆங்கிலேயர்கள் சிரமப்படும் இடம் நமக்கு இலவசம்: ஸ்பானிஷ் த, நம்ம 'த' மாதிரி பல்லில் நாக்கு தொடும் த. 'மஞானா'வில் வருவது நம்ம ஞ-வேதான்.

வினைச்சொல்லில்தான் எனக்கு ஆச்சரியம். நான் வாங்கிய ஆப் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு ஆளுக்கும் வினையின் வால் மாறுவதை ஏதோ பெரிய சிக்கல் மாதிரி விளக்கியது. நமக்கு அது என்ன புதுசா? பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம். அங்கே ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ். வாலிலேயே ஆள் இருப்பதால் 'நான்' என்று தனியா சொல்ல வேண்டியதும் இல்லை. 'ஆப்லா' என்றால் அவனும் பேசுகிறான், அவளும் பேசுகிறாள். வாலில் ஆண், பெண் பேதம் கிடையாது. மரியாதையான 'நீங்கள்', அதாவது 'உஸ்தெத்', அதுக்கும் இதே 'ஆப்லா'தான். 'உங்கள் கருணை' என்ற பழைய மரியாதைச் சொல் தேய்ந்து வந்தது உஸ்தெத். எதிரில் நிற்பவரையே "ஐயா சாப்பிட்டாரா?" என்று கேட்பது போலத்தான்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் செர், எஸ்தார். ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே வினை. நானும் விழுந்தேன். ஒரு நாள் அந்த அம்மா என் மேசையைத் துடைக்கலாமா என்று சைகையில் கேட்டார். தயாரா இருக்கேன், துடைங்க என்று சொல்ல நினைத்து, பெருமையா "சோய் லீஸ்தோ" என்றேன். அவர் துணியை வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் கெட்டிக்காரன்" என்று சொல்லியிருக்கிறேன்! 'எஸ்தோய் லீஸ்தோ' என்றிருக்க வேண்டும்.

அன்னைக்கு ரயிலில் யோசிக்கும்போதுதான் பிடிபட்டது. தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான் கெட்டிக்காரன்', 'நான் டெவலப்பர்', 'மணி மூணு': வினையே இல்லை. இங்கெல்லாம் செர். 'நான் தயாரா இருக்கேன்', 'வீட்ல இருக்கேன்', 'களைப்பா இருக்கேன்': இருக்கேன் வந்தால் எஸ்தார். எல்லா இடத்திலும் பலிக்காது. 'அவன் உயரமா இருக்கான்', 'மீட்டிங் லண்டன்ல இருக்கு' ரெண்டும் அங்கே செர்தான். ஆனாலும் ஆப் கொடுத்த நிரந்தரம், தற்காலிகம் என்ற விதியைவிட எனக்கு இது உதவியது. செத்துப்போனவருக்கும் எஸ்தார்தான் போடுகிறார்கள், அதில் என்ன தற்காலிகம்?

அடுத்தது 'எனக்கு'. எனக்குக் காபி பிடிக்கும்: 'மே கூஸ்தா எல் கஃபே'. எனக்குத் தலை வலிக்குது: 'மே துவேலே லா கபேசா'. வாக்கியம் அப்படியே நம்ம வாக்கியம். எனக்கு 34 வயசு என்பதற்கு மட்டும் 'தெங்கோ', அதாவது வைத்திருக்கிறேன், என்ற வினை: வயசையும் பசியையும் அவர்கள் வைத்திருப்பார்கள்.

இந்தப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர் ஒருவர் உண்டு. நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, சொல்லிக்கொடுத்தார். 1544ல் தன் கூட்டாளி மான்சில்லாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது: விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லக்கூடாது, 'விசுவாசம்' என்று சொல்ல வேண்டும். 'நம்புகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே ஒரு வினை. அதைப் படித்த பிறகு என் 'சோய் லீஸ்தோ' பற்றிய வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

கருவி கேட்டவர்களுக்கு: ஆன்கி போதும். ஆனால் கார்டின் முன்பக்கம் தமிழில், அதுவும் பேச்சுத் தமிழில், முழு வாக்கியமாக எழுதுங்கள். 'இருப்பது' என்று எழுதினால் எந்த வினை என்று தெரியாது. 'களைப்பா இருக்கேன்' என்று எழுதினால் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து புது கார்டுக்கு மேல் வேண்டாம், நான் இருபது போட்டு ரெண்டாம் வாரமே மூழ்கினேன்.

கான்ட்ராக்ட் போன மாதம் முடிந்தது. கடைசி ராத்திரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, 'போறேன்' என்று சொல்ல வாய் வரவில்லை, நமக்கு அது பழக்கமில்லையே. 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே மாற்றி "யா வுவெல்வோ" என்றேன். அதற்கு அர்த்தம், இதோ ஒரு நிமிஷத்தில் திரும்பி வருகிறேன். அவர் தலையாட்டிவிட்டு, "தேஹோ லா லுஸ்?" என்று கேட்டார். லைட்டை அப்படியே விட்டு வைக்கட்டுமா என்று. லிஃப்ட் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை, வேலை முடிஞ்சுபோச்சு என்று எனக்குத் தெரிந்த எட்டு வினைகளை வைத்துச் சொல்லி முடித்தேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல எபிசோடில் பார்ப்போம்.