பேஸ் பெட்டியும் பக்கத்துக் காம்பராவும்

வீட்டுக்கு உதவும் ஒரு பாடம்

தீபாவளி முற்பணம் கிடைத்ததும் ஒரு சவுண்ட் செட் வாங்க வேண்டும் என்பது இன்று நம் தோட்டங்களில் பல பிள்ளைகளின் ஆசை. சிலர் கைக்காசு கொடுத்து வாங்குகிறார்கள். சிலர் மாதக் கட்டணத்துக்கு எடுக்கிறார்கள். "ஹோம் தியேட்டர்" என்று சொல்லப்படும் இந்த செட்டில் இரண்டு அல்லது ஐந்து சின்ன ஸ்பீக்கர்களும் ஒரு பெரிய பெட்டியும் இருக்கும். அந்தப் பெரிய பெட்டியின் பெயர் சப்வூஃபர். நம் ஆட்கள் பேஸ் பெட்டி என்பார்கள்.

செட்டில் ஆகக் கூடுதலான சந்தோஷத்தைக் கொடுப்பதும் இந்தப் பெட்டிதான், ஆகக் கூடுதலான சண்டையைக் கொண்டு வருவதும் இதுதான். சரியாக வைத்து அளவாகத் திருகினால் குறைந்த சத்தத்திலேயே பாட்டு நிறைவாகக் கேட்கும். ஏனோதானோவென்று வைத்தால் வீடு அதிரும், பாட்டின் சொல் விளங்காது, அடுத்த காம்பராவில் யாரும் தூங்க முடியாது. இதைச் சரிசெய்ய ஒரு சதமும் செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் போதும்.

1. இந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது?

சத்தம் என்பது காற்றின் அதிர்வு. ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். நல்ல காதுக்கு 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். தவிலை எடுத்துக் கொள்ளுங்கள். வலந்தலையில் அடித்தால் கணீரென்று கேட்பது கூடிய ஹேர்ட்ஸ். தொப்பியில் அடித்தால் "தொம்" என்று கேட்பது குறைந்த ஹேர்ட்ஸ்.

"தொம்" என்ற சத்தத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அது முடியாது. அதனால்தான் அந்த வேலையை மட்டும் பெரிய பெட்டியிடம் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான செட்டுகளில் இது ஏறக்குறைய 40 முதல் 120 ஹேர்ட்ஸ் வரை பார்த்துக் கொள்ளும். 5.1 என்று பெட்டியில் எழுதியிருப்பதில் 5 என்பது சின்ன ஸ்பீக்கர்கள், .1 என்பது இந்த பேஸ் பெட்டி.

1974இல் அமெரிக்காவில் "எர்த்குவேக்" என்ற படம் வந்தது. பூகம்பக் காட்சிக்காக அரங்குகளில் பெரிய பெரிய பேஸ் பெட்டிகளை வைத்தார்கள். பார்த்தவர்களின் நாற்காலி அதிர்ந்தது. ஆனால் ஒரே கட்டிடத்தில் பக்கத்து அரங்கில் வேறு படம் பார்த்தவர்களுக்கும் அந்த அதிர்வு போய்த் தொந்தரவு கொடுத்தது. அமெரிக்க அரங்கின் சுவரே தாங்கவில்லை என்றால் நம் லயத்துச் சுவர் எம்மாத்திரம்?

2. சுவரைத் தாண்டிப் போவது ஏன்?

அடுத்த டிவிஷனில் கல்யாணம் நடந்தால் இங்கே என்ன கேட்கிறது? பாட்டின் சொல் கேட்காது, "டும் டும்" மட்டும் கேட்கும். அதே விஷயம்தான் லயத்திலும் நடக்கிறது.

சத்தம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 1,125 அடி தூரம் போகும். 1,000 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை ஓர் அடி நீளத்துக்குச் சற்றுக் கூட. 50 ஹேர்ட்ஸ் பேஸ் சத்தத்தின் ஒரு அலை 22 அடிக்கும் மேல். அதாவது 10 அடி காம்பராவைப் போல இரண்டு மடங்கு. சின்ன அலையைச் சுவரும் திரைச்சீலையும் மெத்தையும் நன்றாகத் தடுத்துவிடும். மெதுவாக அதிரும் நீளமான அலை சுவரையும் பலகையையும் தகரத்தையும் தன்னோடு சேர்த்து அசைத்துக் கொண்டு மறுபக்கம் போய்விடும்.

லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பல பழைய லயங்களில் அந்தச் சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. கூரைத் தகரமும் வரிசைக்கு ஒன்றாகவே ஓடுகிறது. அதனால்தான் நலன்புரி காரியாலயத்துக்கு வரும் முறைப்பாடுகள் இப்படி இருக்கின்றன: "ஐயா, அவங்க சத்தமா வைக்கலங்கிறாங்க. ஆனா எங்க வீட்டுச் சட்டி பானையெல்லாம் ஆடுது." மற்றவர் சொல்கிறார்: "சத்தியமா கொஞ்சமாத்தாங்க வச்சிருந்தேன்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. செட் வைத்திருப்பவருக்குப் பாட்டு முழுதாகக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதன் இடி மட்டும் போகிறது.

3. வாங்கும்போது கவனியுங்கள்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 3,000, 5,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். அதைக் கண்டு மயங்க வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்பது விற்பனைக்காகப் போடும் கணக்கு, உண்மையான சக்தி அல்ல. செட்டின் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். 230 வோல்ட், 60 வாட் என்பது போல் எழுதியிருக்கும். இழுக்கிற கரண்ட்டை விடக் கூடுதலான சக்தியை எந்த செட்டும் தொடர்ந்து கொடுக்க முடியாது. "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் வாட் கணக்கே நம்பக்கூடியது. 10 அடிக்கு 12 அடி காம்பராவுக்கு ஒரு சின்ன செட் தாராளம்.

4. வைக்கும் முறையும் திருகும் முறையும்

முதற் படி: பொதுச் சுவரை விட்டு விலக்குங்கள். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. இஸ்தோப்புப் பக்கத்துச் சுவர் போல் வெளியே பார்த்த சுவரோரம் நல்லது. சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் பேஸ் மிகவும் கூடும், ஆனால் "கும்" என்று அடைத்துக் கேட்கும். வேறு வழியில்லாமல் மூலையில் வைத்தால் பேஸ் திருகியை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். சின்ன ஸ்பீக்கர்களை டீவிக்கு இரண்டு பக்கமும் காது உயரத்தில் வையுங்கள்.

இரண்டாம் படி: நல்ல இடத்தைக் காதால் தேடுங்கள். காம்பராவுக்குள் பேஸ் சத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது. சுவரோரம் கூடும், சில இடத்தில் காணாமலே போகும். 12 அடி நீளக் காம்பராவில் 47 ஹேர்ட்ஸ் அளவிலும், 10 அடியில் 56 ஹேர்ட்ஸ் அளவிலும் சத்தம் தானாகவே தூக்கிக் காட்டும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பேஸ் பெட்டியைத் தூக்கி வையுங்கள். பேஸ் ஒரே சீராக வரும் பாட்டொன்றைப் போடுங்கள். பிறகு பெட்டி வைக்கக்கூடிய இடங்களில் ஒவ்வொன்றாகக் குனிந்து, தரைக்கு ஓர் அடி உயரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் பேஸ் இடியாகவும் இல்லாமல் மெலிந்தும் போகாமல் ஒரே அளவாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். அங்கிருந்து நாற்காலிக்கும் அப்படியே கேட்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூன்றாம் படி: அடியில் மெத்தை போடுங்கள். வெறும் சீமெந்துத் தரையிலோ பலகையிலோ வைத்தால் பெட்டியின் ஆட்டம் நேரே தரைக்கும் சுவருக்கும் இறங்கும். தடித்த ரப்பர் துண்டுகளோ பழைய சைக்கிள் டயரை வெட்டிய துண்டுகளோ நான்கு மூலைக்கும் வையுங்கள். இது காற்று வழியாகப் போகும் சத்தத்தை நிறுத்தாது, ஆனால் தரை வழியாகப் போகும் அதிர்வைக் குறைக்கும். பெட்டியின் மேல் சாமிப் படம், பூச்சாடி, கிளாஸ் எதுவும் வேண்டாம்.

நான்காம் படி: வயரைச் சரிபாருங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறிப் போனாலும் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் செத்துவிடும். பலர் இதைத் தெரியாமல் பேஸ் திருகியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சில பெட்டிகளின் பின்னால் "ஃபேஸ்" என்று 0, 180 போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டிலும் போட்டுப் பாருங்கள். உட்காரும் இடத்தில் எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

ஐந்தாம் படி: க்ரொஸ்ஓவர். பேஸ் பெட்டி எந்த ஹேர்ட்ஸ் வரை பாட வேண்டும் என்று சொல்லும் திருகி இது. பெரிய ஸ்பீக்கர் என்றால் 80இல் வைப்பார்கள். நம் வீட்டுச் சின்ன ஸ்பீக்கருக்கு 100 முதல் 120 வரை சரி. அதற்கு மேல் போனால் ஆண் குரலும் பெட்டிக்குள் போய்விடும். இதை அறியச் செய்தி வாசிப்பதைக் கேளுங்கள். வாசிப்பவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போல் கேட்டால் திருகி கூடிவிட்டது, குறையுங்கள். சில செட்டுகளில் இந்தத் திருகி இருக்காது. அவற்றில் இது உள்ளுக்குள்ளேயே அமைக்கப்பட்டிருக்கும்.

ஆறாம் படி: பேஸ் அளவு. முதலில் பேஸ் திருகியைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வொலியூமை வையுங்கள். பிறகு பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். "இப்பத்தான் பாட்டு நிறைஞ்சிருக்கு" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். சரியா என்று பார்க்க ஒரு வழி: கண்ணை மூடிக் கேட்டால் பேஸ் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது, எல்லாம் டீவிப் பக்கமிருந்தே வருவது போல் இருக்க வேண்டும். பெட்டியை நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும்.

5. பக்கத்து வீட்டுச் சோதனை

இதைச் செய்யாமல் வேலை முடியவில்லை. மகனை செட்டுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போங்கள். "அக்கா, செட் ஒன்னு வாங்கிருக்கோம். ஒங்க வீட்டுக்கு எவ்வளவு கேக்குதுன்னு பாக்க வந்தேன்" என்று சொல்லுங்கள். அவர் படுக்கும் இடத்தில், பிள்ளை படிக்கும் இடத்தில் நின்று கேளுங்கள். "டும் டும்" எண்ணக்கூடிய அளவுக்குக் கேட்டால் பேஸைக் குறைக்க மகனுக்குக் குரல் கொடுங்கள். எந்த அளவில் அக்கா "இது பரவாயில்ல தம்பி" என்கிறாரோ, அந்த இடத்தில் திருகிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் வீட்டு எல்லை.

அதோடு நேரத்தையும் பேசிக் கொள்ளுங்கள். தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர் பகலில் தூங்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடு இருக்கும், சுகமில்லாத பெரியவர் இருப்பார். புலமைப் பரிசில், சாதாரண தரம், உயர் தரம் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். லயத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தனி அறை கிடையாது. இரவு ஏழு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை கிடைக்கும் அமைதி மட்டுமே அதற்குள்ள வசதி. அந்த இரண்டு மணித்தியாலத்தில் பேஸ் பெட்டியை நிறுத்திவிட்டுச் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

2007இல் நமது உச்ச நீதிமன்றம், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. விசேட சமய நிகழ்வுகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அது பொது ஒலிபெருக்கிகளைப் பற்றியது. ஆனாலும் வீட்டு செட்டுக்கும் அதே நேரத்தை எல்லையாக வைத்துக் கொள்வது நல்லது.

6. காதும் கரண்ட்டும்

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபெல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம்தான். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஃபோனில் சத்தம் அளக்கும் செயலிகள் உண்டு. பேஸ் சத்தத்தை அவை சரியாகக் காட்டாவிட்டாலும் ஒரு மட்டான கணக்கு கிடைக்கும். ஃபோன் இல்லாவிட்டால், பாட்டு ஓடும்போது மூன்றடி தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பாட்டு இல்லாத நேரத்திலும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் அது கரண்ட்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலாக இருக்கலாம். ஸ்பீக்கர் வயரைக் கரண்ட் வயரிலிருந்து விலக்குங்கள். டீவியையும் செட்டையும் ஒரே பிளக் பேஸிலிருந்து எடுங்கள். ஆனால் அதே பிளக் பேஸில் ஹீட்டர், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் மாட்ட வேண்டாம். பழைய லயத்து வயர் அந்தப் பாரத்தைத் தாங்காது. இரைச்சலை நிறுத்த எர்த் வயரைக் கழற்றும் வேலை வேண்டவே வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து. இடி மின்னல் கூடும் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பாவிக்காத நேரம் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மலைநாட்டுப் பனிக்கும் ஈரத்துக்கும் பெட்டியின் பலகை ஊதிப் போகும், ஈரச் சுவருக்கும் தரைக்கும் தள்ளி வையுங்கள். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே சூடு ஏறும்.

நினைவில் வைக்க

• பொதுச் சுவரில் சாய்க்காதே.
• அடியில் ரப்பர் வை.
• சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
• பேஸைப் பூச்சியத்திலிருந்து கூட்டு, நிறைந்ததும் நிறுத்து.
• அடுத்த வீட்டில் நின்று கேள், கோடு போடு.
• படிக்கும் நேரத்திலும் இரவு பத்துக்குப் பிறகும் பேஸ் பெட்டிக்கு ஓய்வு கொடு.

நல்ல செட் என்பது அடுத்த லயம் வரை கேட்கும் செட் அல்ல. உங்கள் வீட்டில் நிறைவாகக் கேட்டு, பக்கத்துக் காம்பராவில் குழந்தையைத் தூங்க விடும் செட்டே நல்ல செட். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டு இந்தப் படிகளைச் செய்து பாருங்கள்.