கேட்ட பிறகே பேச்சு

சென்ற மாதம் 3½ வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பாட்டி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். அவன் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. தந்தையும் தாமதமாகவே பேசினாராம். ஆகவே வீட்டில் எவரும் கவலைப்படவில்லை. பரிசோதனையில், இரு செவிகளிலும் கடுமையான கேட்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தது.

பிறந்த குழந்தையின் மூளை, எடையில் வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழக் கால் பங்குதான்; 2 வயதளவில் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. அக்காலத்தில் நரம்புச் செல்களுக்கிடையே இணைப்புகள் பெருகுகின்றன. பயன்படும் இணைப்பு வலுப்பெறும், பயன்படாதது நீங்கிவிடும். ல, ள, ழ ஆகியவற்றை நாக்கு ஒலிக்கப் பழகுவதற்கு நெடுநாள் முன்பே மூளை அவற்றைச் செவிவழியாகப் பிரித்தறியக் கற்கிறது. ஒலி எட்டாத குழந்தையிடமோ, கேட்டலுக்குரிய மூளைப்பகுதியைப் பார்வை முதலிய பிற புலன்கள் தமதாக்கிக்கொள்ளத் தொடங்குகின்றன. காலந்தாழ்த்திக் கருவி பொருத்தினால் ஒலி கேட்கலாம். அது சொல்லாகப் பொருள்படுவது கடினம். (சைகை மொழியையும் இளமையிலேயே தொடங்குவது நன்று. மூளைக்கு ஏதேனும் ஒரு மொழி உரிய காலத்தில் கிடைத்தாக வேண்டும்.)

குடும்பத்தார் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. செவித்திறன் அற்ற குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ங்கா' என்று ஒலி எழுப்பும். தட்டைத் தட்டியபோது திரும்பினான் என்பார்கள். கையசைவைக் கண்டும் திரும்பியிருக்கலாம், பேரொலி மட்டும் எட்டியிருக்கலாம். பேச்சொலி அத்தனை உரத்ததன்று.

ஓ.ஏ.இ. எனப்படும் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உறங்கும் குழந்தையின் செவியில் சிறு முனையை வைத்து மெல்லொலி செலுத்துவோம். உட்செவியின் மயிர்ச்செல்கள் எழுப்பும் மறுமொழியைக் கருவி பதிவு செய்யும். ஊசி இல்லை, வலி இல்லை. முதன்முறை தேறாவிட்டால் அஞ்ச வேண்டாம். செவியில் எஞ்சிய நீர்மமும் காரணமாகலாம். மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவதையே நான் அஞ்சுகிறேன். பிறந்து 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் 'பெரா' முதலியவற்றால் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே நாங்கள் பின்பற்றும் கால வரையறை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள், கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்டவர்கள், நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னர்க் குறைபாடு தோன்றக்கூடும். 1 வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிடில், 16 மாதமாகியும் ஒரு சொல்லும் வராவிடில், 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடில், காத்திராமல் அழைத்து வாருங்கள்.

அச்சிறுவனுக்குச் செவிப்புலன் கருவி பொருத்தியுள்ளோம். அதனால் போதிய பயன் இல்லையெனில் காக்ளியர் அறுவை சிகிச்சையைக் கருதுவோம். அதற்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. பாட்டிதான் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வருகிறார். முன்பே வந்திருந்தால் எளிதாக இருந்திருக்குமா என்று ஒருநாள் கேட்டார். ஆம் என்றேன், இப்போது வந்ததும் வீணில்லை என்றும் சொன்னேன்.