ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலில் சமனற்ற அன்பும் விட்டுக்கொடுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கைம்பெண் ஒருத்தியின் நிலப்பங்குக் கோரிக்கையை மையமாகக் கொண்ட நாவலாகும். இதனைப் பேராசையின் விளைவைக் கூறும் கதையாக வாசிக்க இடமுண்டு. எனினும், விட்டுக்கொடுக்கும் கடமை குடும்பத்தார் அனைவர்க்கும் சமமாகப் பகிரப்படாமையே நாவலின் அவலத்திற்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: நாகம்மாள், கொங்கு நாவல், கைம்மை, நிலவுரிமை, விட்டுக்கொடுத்தல்.

முன்னுரை

தமிழ் வட்டார நாவலின் முன்னோடியாகத் திறனாய்வாளர்களால் குறிக்கப்படுபவர் ஆர். சண்முகசுந்தரம் (1917–1977). வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கொங்கு நிலப்பரப்பு மழையையும் கிணற்றையும் நம்பிய வேளாண்மைக்குரியது. இத்தகைய நிலத்தில் காடும் தோட்டமும் வருவாய்க்கான வழிகள் மட்டுமல்ல. குடும்பத்தின் பெயரும் மதிப்பும் அவற்றையே சார்ந்துள்ளன. சிவியார்பாளையத்தைக் களமாகக் கொண்ட 'நாகம்மாள்' இப்பின்னணியிலேயே உறவுகளை ஆராய்கின்றது.

அன்பின் எல்லை

கணவனை இழந்த நாகம்மாள் தன் மகளுடன் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் வாழ்கின்றாள். சின்னப்பனோ அவன் மனைவி காளியம்மாளோ கொடியவராகப் படைக்கப்படவில்லை. நாகம்மாளின் துடுக்கான பேச்சையும் தடையற்ற போக்கையும் சின்னப்பன் பொறுத்துக்கொள்கின்றான். ஆயினும் அவன் காட்டும் பரிவு கொடுப்பவனின் பரிவாகவே உள்ளது. நிலத்தை வைத்திருப்பதா விற்பதா என்னும் முடிவு அவன் கையில் இருக்க, அதன் விளைவை ஏற்கும் நிலையில் அவள் இருக்கின்றாள்.

காளியம்மாளின் தாய், நிலத்தை விற்றுவிட்டுத் தன் ஊருக்கு வந்துவிடுமாறு மருமகனைத் தூண்டும்போது இச்சமனின்மை வெளிப்படுகின்றது. மகளைத் தன் அருகில் வைத்துக்கொள்ள விரும்பும் தாயின் பாசம் இயல்பானதே. ஆனால் அப்பாசம் நிறைவேற வேண்டுமாயின் நாகம்மாள் காலூன்றி நிற்கும் நிலம் கைமாற வேண்டும். ஒருவர் மீதான அன்பு மற்றொருவரின் இழப்பாக மாறும் இவ்விடமே கதையின் திருப்பமாகும்.

உரிமையும் சட்டமும்

நாகம்மாளின் அச்சத்தை அக்காலச் சட்டநிலையோடு இணைத்துக் காண்பது பயனுடையது. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக்குடும்பச் சொத்தில் இறந்த கணவனின் பங்கைக் கைம்பெண்ணுக்கு வரையறைக்குட்பட்ட உரிமையாக வழங்கியது. ஆனால் மாகாணங்களில் உள்ள வேளாண் நிலத்திற்கு அச்சட்டம் பொருந்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் வேளாண் நிலத்திற்கும் அச்சட்டம் விரிவாக்கப்பட்டது 1947இல்தான். நாவல் வெளிவந்த 1942 இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டாகும்.

நாவல் சட்ட நுட்பங்களைப் பேசவில்லை. எனினும் உழுநிலத்தையே வாழ்வாதாரமாகக் கொண்ட குடியில், கைம்பெண்ணின் பங்கு உறவினரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்த காலத்திலேயே அது வாசகரை அடைந்தது. இப்பின்னணியில் நோக்கினால், நாகம்மாளின் கோரிக்கையைப் பேராசை என ஒதுக்க இயலாது. தன்னுடையது என்று உறுதியாக ஒருவரிடம் இல்லாத பொருளை அவர் விட்டுக்கொடுத்தார் என்பதும் பொருந்தாது. அவள் பணிந்திருப்பின் அது தியாகம் எனப் போற்றப்பட்டிருக்கலாம். உண்மையில் அது வேறு வழியின்மையாகவே இருந்திருக்கும்.

சமனற்ற துணை

குடும்பத்திற்குள் கேட்பாரற்ற குரல் வெளியே துணை தேடுகின்றது. ஊரில் அடாவடிக்காரனாக அறியப்பட்ட கெட்டியப்பனுடன் நாகம்மாளுக்கு ஏற்படும் நெருக்கத்தை ஆசிரியர் வெளிப்படையாக விரிக்காமல் குறிப்பாகவே உணர்த்துகின்றார். இவ்வுறவிலும் இருவரின் நிலை ஒன்றன்று. ஊரின் ஏச்சுக்கு அவள் தன் பெயரைப் பணயம் வைக்கின்றாள். இழப்பதற்குப் பெயரில்லாத அவன் எதனையும் பணயம் வைக்கவில்லை. மணியக்காரரின் பகையும் இதனுடன் சேரும்போது, அவளுடைய வழக்கு பிறர் கணக்குத் தீர்க்கும் கருவியாகின்றது.

விட்டுக்கொடாமையும் அவலமும்

இறுதியில் கெட்டியப்பனின் தாக்குதலுக்குச் சின்னப்பன் இரையாகின்றான். நாகம்மாள் கேட்டது பங்கு, நேர்ந்தது கொலை. கொலைக்குப் பின் நீதியுரை கூறாமல் நாவலை முடிப்பது ஆசிரியரின் நடுநிலையைக் காட்டுகின்றது. சின்னப்பனின் சாவை நாகம்மாளின் உரிமை நியாயப்படுத்துவதில்லை. அச்சாவு அவளுடைய உரிமையை இல்லாததாக்குவதும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்குமாறு வாசகர் வேண்டப்படுகின்றார்.

முடிவுரை

விட்டுக்கொடுத்தலை அறமாகப் போற்றும் குடும்ப அமைப்பு, அதனை யாரிடம் எதிர்பார்க்கின்றது என்னும் வினாவை 'நாகம்மாள்' எழுப்புகின்றது. பற்றி நிற்கும் உரிமை உடையவர்க்கே விட்டுவிடுதல் அறமாக அமையும். அவ்வுரிமை இல்லாதவர்க்கு அது கட்டாயமே. பின்னாளில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010), குழந்தைப்பேற்றின் பொருட்டுத் தம்பதியரிடம் குடும்பம் வேண்டும் தியாகத்தைப் பேசுகின்றது. இவ்விரு நாவல்களையும் ஒப்பிட்டு ஆராய்வது, கொங்குப் புனைகதையில் அன்பும் உரிமையும் கொள்ளும் உறவை மேலும் தெளிவாக்கும்.